பூசை நேரத்தில் நின்ற முள்

1938 மார்ச். ஞாயிறு காலை 8.10. கொழும்பு கொட்டாஞ்சேனையில், சந்துபோன்ற அந்த ஒழுங்கையே மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தது. தண்ணீர்க் கந்தோர் என்ற அலுவலகத்தின் இன்ஸ்பெக்டர் தியாகராசா நடுத்தெருவில் முழங்காலிட்டு, நிலத்தில் ஊன்றிய இரும்புக்கோலில் காதை வைத்திருந்தார். கீழே குழாய் ஒழுகினால் கோல் வழியே சீறல் கேட்கும். குழாய்கள் சேரும் பதினேழு மூட்டுகளிலும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

கசிவைக் குறைக்கவென்று போன மாதம்தான் இங்கே புதுக் குழாயும், ஒழுங்கைத் தலைப்பில் ஒரு மீற்றரும் போட்டார்கள். அந்த மீற்றரோ தினமும் ஆயிரக்கணக்கான கலன் தண்ணீர் காணாமற் போவதாகக் காட்டியது. மூட்டு வைத்த பலீல்தான் குற்றவாளி என்று வெள்ளைக்கார இஞ்சினியர் முடிவுகட்டிவிட்டார். வேலைநீக்கக் கடிதம் தயார். நாளை பத்து மணிக்குக் கையெழுத்து. பலீலுக்கு அது இருபது வருஷ வேலை.

"நான் வச்ச மூட்டு ஒழுகாது தொரே," என்றான் பலீல்.

"ஒழுகேல்லைத்தான். அப்ப தண்ணி எங்கை போகுது?"

பரிசோதனைக்காக ஒழுங்கையின் எல்லா இணைப்புகளையும் பூட்டியிருந்தார்கள். பொதுக்குழாயடியில், பூசைக்குப் போகாத பத்மாவதி வாளியோடு சண்டைக்கு நின்றாள். "எப்ப ஐயா திறப்பீங்க? இங்க கிணறெல்லாம் ஒரே உப்பு. சவர்க்காரம் போட்டா நுரைக்கவா செய்யுது? தயிர் மாதிரித் திரியுது!"

8.45. மீற்றர் முள் அசையாமல் நின்றது.

9.20. கோயில் மணி அடித்தது. சனம் திரும்பியது.

9.35. முள் சுற்றத் தொடங்கியது. பூட்டிய இணைப்பு ஒன்றையும் யாரும் திறக்கவில்லை.

தியாகராசாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தெரு அமைதியாக இருக்குமென்று எப்போதும் ஞாயிறு காலையில்தான் கோல் வைத்துக் கேட்பார். கள்ளனும் அந்நேரம் பூசையில் இருப்பான் என்று ஒரு நாளாவது யோசித்தாரா?

"பலீல், ஓட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. இது கசிவில்லை, களவு. வா!"

ஒழுங்கை முனையில் றேமண்டின் லோண்டறி. கப்பல் துணிகள் வெளுக்கும் இடம். ஐந்து பேர் துவைத்துக்கொண்டிருக்க, வாய்க்காலில் வெள்ளை வெளேரென்று நுரை ஓடியது. போன வாரம் முழுக்க அந்த நுரையைத் தாண்டித்தான் இருவரும் நடந்திருந்தார்கள்.

"இப்பதான் வேலை துவங்கினதோ?"

"ஓம் இன்ஸ்பெக்டர், பூசை முடிஞ்சுதானே வந்தம். நாளைக்குக் கப்பல் போகுது," என்றார் றேமண்ட்.

"தண்ணி?"

"கிணத்துத் தண்ணிதான். எனக்குக் குழாயே இல்லயே."

தியாகராசா தானே கிணற்றில் ஒரு வாளி அள்ளினார். சவர்க்காரத்தைத் தேய்த்தார். தண்ணீர் திரிந்து, கை பிசுபிசுத்தது. அதே கட்டியைத் துவைக்கும் தொட்டியில் தேய்த்தார். முழங்கைவரை நுரை பொங்கியது.

"உங்கடை கிணறு உப்பு, தொட்டி நல்ல தண்ணி. களவெடுத்தது நீங்கள்தான், மிஸ்டர் றேமண்ட். பலீல், தொட்டிக்குப் பின்னாலை கல்லைக் கிளப்பு."

மூன்றாவது கல்லுக்குக் கீழே புத்தம்புது ஈயக்குழாய் கிடந்தது. அது தெருவை நோக்கிப் போனது.

"புதுக் குழாய் போடேக்கை, குழி திறந்து கிடந்த நேரம் பாத்து இதைப் பொருத்தியிருக்கிறீங்கள். எப்ப?"

பதில் பலீலிடமிருந்து வந்தது.

"வெள்ளிக்கிழம, தொரே. நான் ஜும்மா தொழப் போகக்குள்ள, குழியக் கொஞ்சம் பாத்துக்கோங்க அண்ணேன்னு இவர்ட்டத்தான் சொல்லிட்டுப் போன."

திங்கள் காலை பத்து மணிக்கு முன்பே தியாகராசாவின் அறிக்கை இஞ்சினியரின் மேசைக்குப் போய்விட்டது. கடிதத்தைக் கிழித்தார்கள். செய்தியைச் சொன்னபோது பலீல் சிரிக்கவேயில்லை. அவன் மனம் உடைந்துபோயிருந்தது.

"வேல கெடச்சிச்சு தொரே," என்றான். "இனி யார நம்பிக் குழிய விட்டுட்டு நான் தொழப் போற?"