மாடியில் உறுமிய பெட்டி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த அந்த அறையைப் பாட்டுப் பதிவுக்காக ரோஹன்தான் வாடகைக்குப் பிடித்திருந்தான். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாளவிகா முதல்முறையாக அங்கே வந்து கதவைத் திறந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பகலிலும் உள்ளே இருட்டு. சுக்கின் காரம் மூக்கில் ஏறியது. இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் பையிலிருந்த பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

பெட்டி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். டிபன் பாக்ஸ் அளவுதான். பேஸ் சிந்தசைசர் என்பார்கள். ஒருமுறை மெட்டைத் தட்டிக் கொடுத்தால் போதும், நினைவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும். ஸ்பீக்கரில் மாட்டினால், வாசலில் லாரி நின்று உறுமுவதுபோலத் தரையே அதிரும். டவுனில் பழைய சாமான் கடையில் வாங்கினேன் என்று சொல்லி ரோஹன் கொடுத்த பரிசு அது. "மொதல்ல மெமரியை மொத்தமா அழிச்சுடு, மாளு" என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தான். அவளும் அழித்துவிட்டாள்.

அவன் சொல்லி அவள் எதைத்தான் செய்யவில்லை? ஏலூர் கம்பெனி வேலையை விடு என்றான், விட்டாள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல் என்றான், சொன்னாள். எல்லாம் ஒரு பாட்டுக்காக. அவளுக்காகவே அவன் கட்டிய பாட்டாம். அதில் ஓரிடத்தில் தாளம் சட்டென்று நின்று, பிறகு தொடரும். "உன்னை மொதல்ல பாத்தப்போ எனக்கு மூச்சே நின்னுடுத்து. அதான் அங்க தாளமும் நிக்கறது" என்றான். அதற்குப் பிறகு எந்தப் பெண் யோசிப்பாள்? ஆடியோ கம்பெனிக்கு அனுப்புவதற்காக அந்தப் பாட்டுக்கு அவள் குரல் கொடுக்க வேண்டிய நாள் இது.

அவள் இன்னும் வயர் மாட்டவில்லை.

ஸ்விட்சும் போடவில்லை.

ஆனால் காலுக்கடியில் தரைப்பலகை அதிர்ந்தது.

ம்ம்... ம்ம்... என்று ஓசை. அதே பாட்டு. அதே இடத்தில் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மாளவிகா பெட்டியைத் தூக்கினாள். ஐஸிலிருந்து எடுத்த மீன்போலச் சில்லிட்டிருந்தது. திருப்பி, பேட்டரி மூடியை நகத்தால் நெம்பித் திறந்தாள்.

உள்ளே பேட்டரி இல்லை.

சுக்கு நெடியை அமுக்கிக்கொண்டு எங்கிருந்தோ பினாயில் வாடை வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா வாடை.

மாடிப்படி கிறீச்சிட்டது. ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைகளில் சுக்குத்தூள். கீழே கிடங்கில் இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த கற்பகம்.

"எம் மோளு, எம் பொண்ணு வந்திருக்காளா?" என்று கிசுகிசுத்தாள்.

"யாரு சேச்சி?"

"சுப்ரியா. இது அவ பெட்டியாக்கும். இந்தப் பச்சைப் பொட்டு பாரு, என் நெயில் பாலிஷை எடுத்து அவ வச்சது." கற்பகம் தொடவில்லை, விரலை மட்டும் நீட்டினாள். "காய்ச்சல்ல, ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டே வாசிச்சா. இந்த எடம் வரும்போ நின்னுடும். விரல் தூக்க சீவன் இல்ல மோளே, அதான். அவளோட சிநேகிதன் ரோஹன் மோன் பக்கத்துலயே இருந்தான். அவ போனதும், நான் பத்திரமா வைக்கறேம்மான்னு கரஞ்சு அழுதுக்கிட்டே எடுத்துட்டுப் போனான். பின்னே வந்ததே இல்ல."

மாளவிகா அந்தப் பச்சைப் பொட்டையே பார்த்தாள். செத்துக்கொண்டிருந்தவளின் விரல் ஓய்ந்த இடம்! அதையா என் மூச்சு நின்ற இடம் என்று கொஞ்சினான்? நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே, பாவி!

குடையை உதறிக்கொண்டு ரோஹன் உள்ளே வந்தான். கற்பகத்தைப் பார்த்தான். பெட்டியின் ஓசையைக் கேட்டான். முகம் வெளுத்துப்போனது.

"அழிக்கச் சொன்னேனோல்லியோ?" என்றான் மெல்ல.

"இது யார் பாட்டு, ரோஹன்?"

"போனவளுக்குப் பாட்டு எதுக்கு, மாளு? நமக்காவது பிரயோஜனப்படட்டுமேன்னுதான்..."

கேட்டீர்களா பேச்சை! மாளவிகா பெட்டியை எடுத்துக் கற்பகத்தின் கையில் கொடுத்தாள். கொடுத்ததும் ஓசை நின்றது. அந்தத் தாய் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"இந்தப் பாட்டுக்கு நான் பாடமாட்டேன். இது வெளிய வரவும் கூடாது" என்றாள் மாளவிகா.

"சரி" என்றான் ரோஹன்.

சண்டை போடுவான், கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தாள். இவ்வளவு சுலபமாகச் சரி என்றதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பலகை மறுபடி அதிர்ந்தது.

இந்த முறை வேறு மெட்டு.

அது மாளவிகா சொந்தமாகக் கட்டிய மெட்டு. போன வாரம் படகில் போகும்போது ரோஹனின் காதில் மட்டும் முணுமுணுத்தது. எந்தக் கருவியிலும் அவள் அதை இன்னும் வாசித்ததில்லை.

கீழேயிருந்து கற்பகத்தின் குரல் நடுங்கிக்கொண்டே வந்தது. "மோளே... இது சுப்ரியாவோடது இல்லியே. அவ இதை வாசிச்சு நான் கேட்டதே இல்ல. இது எந்தப் பொண்ணோடது?"

மாளவிகா ரோஹனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னோடதையும் உன் பேர் போட்டு ஆடியோ கம்பெனிக்கு அனுப்பிட்டியா?"

"நேத்து" என்றான்.

கீழே பெட்டி ஓயவே இல்லை.