பானட்டில் ஒரு கறை

இரண்டு காப்பிக் கோப்பைகளையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு ஹார்லன் பின்கதவைக் காலால் தள்ளித் திறந்தபோது, அடுப்பில் பான்கேக் கருகத் தொடங்கியிருந்தது. டோரீன் அதைத் திருப்பிப் போடவில்லை.

“சாப்பிட்டுட்டுப் போயேன் ஹார்லன்... சூடா இருக்கு.”

“கோரா அங்க காத்துட்டிருக்கா. இன்னிக்குக் காருல கறுப்புப் பட்டை அடிச்சு முடிச்சாகணும். நீ சாப்பிடு.”

நீ சாப்பிடு! இரண்டு வருஷமாக அவள் கேட்டுவரும் வார்த்தை இதுதான். இரண்டாவது கோப்பை அவளுக்கல்ல, நாத்தனார் கோராவுக்கு.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் கராஜ் முழுசாகத் தெரியும். கோரா கோப்பையை வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். ஹார்லன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அப்படி அவன் தன்னிடம் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தாள் டோரீன். நினைவுக்கு வரவில்லை.

ஹார்லனின் அப்பா ஃப்ளின்ட் நகரத்து ப்யூக் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கேயே உருவான எழுபதாம் வருஷத்து ஜி.எஸ்.எக்ஸ். கார் ஒன்றை, கண்ணைக் காப்பது போலக் காத்தவர். அந்த வண்டி அந்த வருஷம் சில நூறுதான் வெளியே வந்தது என்பார்கள். அவர் போன பிறகு அது தார்ப்பாயின் கீழ் துருப்பிடித்துக் கிடந்தது. கார் கம்பெனியின் பெயின்ட் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே ஹார்லன் தார்ப்பாயை உருவினான். வண்டிக்குள் இருந்த என்ஜின் எப்போதோ மாற்றப்பட்ட வேறு என்ஜின். சரியான என்ஜின் ஓஹையோவில் ஒருவரிடம் இருப்பது தெரிந்தது. ஹார்லன் ஆசைப்பட்டான், ஆனால் கேட்கவில்லை. டோரீன்தான் ஏரிக்கரையில் அம்மா விட்டுப்போன மரவீட்டை விற்று அதை வாங்கப் பணம் கொடுத்தாள். சிறுமியாக இருந்தபோது அவள் நீச்சல் பழகிய வீடு அது. விற்ற அன்று காரில் திரும்பும்போது அழுதாள். “கண்ணுல வெயில்” என்று சொல்லிவிட்டாள்.

விவாகரத்தாகிப் போக்கிடம் இல்லாமல் நின்ற கோராவை வீட்டுக்கு அழைத்தவளும் டோரீன்தான். “மாடி அறை சும்மாதானே கிடக்கு, வா” என்றாள். கோராவுக்குத் தையல் கைவந்த கலை. சீட் உறை எல்லாம் அவளே தைத்தாள். பிறகு கதவு, பிறகு கண்ணாடி... கடைசியில் பொழுதெல்லாம் கராஜிலேயே என்றாயிற்று. ஒரு முறை டோரீன் பழைய சட்டை போட்டுக்கொண்டு, “நானும் உப்புத்தாள் தேய்க்கிறேனே” என்று போய் நின்றாள்.

“உனக்கெதுக்கு டோரீன்? உன் நகமெல்லாம் பாழாயிடும்!” என்று சிரித்தாள் கோரா. ஹார்லனும் சேர்ந்து சிரித்தான்.

அன்று அவர்கள் இருவரும் உதிரிப்பாகம் வாங்கக் கடைக்குப் போன பிறகு, டோரீன் கராஜுக்குள் தனியாக நுழைந்தாள். வீட்டுச் சாவியின் முனையைக் காரின் கதவில் வைத்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் போதும்... இழுக்கவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. அவள் மனசு மட்டும் பார்த்துவிட்டது!

ஆகஸ்டில் சாகினா தெருவில் பழைய கார்களின் திருவிழா. அதற்கு முந்தின வாரம் மகள் டெனிஸும் மருமகனும் சாப்பிட வந்திருந்தார்கள். ஹார்லன் கோப்பையை உயர்த்தினான்.

“இந்த வண்டிக்கு மறுபடி உசிர் வந்ததுக்குக் காரணம் ஒரே ஒருத்தி. என் தங்கச்சி கோரா!”

எல்லாரும் கைதட்டினார்கள். டோரீன் கையில் இறைச்சித் தட்டு. அதை மேசையில் தடாலென்று வைத்தாள்.

“நல்லா இருக்கு ஹார்லன்! என் அம்மா வீடு எங்க போச்சுன்னு கேட்டியா? அந்த என்ஜினுக்குள்ளதான் இருக்கு! ரெண்டு வருஷமா நான் சமைச்சுக் கொட்டுனேன், துணி துவைச்சேன், தனியாச் சாப்பிட்டேன்... ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை என்னைப் பத்தி வந்துச்சா? நாசமாப் போகட்டும் அந்தக் காரு!”

ஹார்லனின் முகம் சிவந்தது. கோரா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கராஜிலிருந்து வந்த அலறலைக் கேட்டு டோரீன் ஓடினாள். பளபளவென்று மஞ்சளாக மின்னிய காரின் முன்பக்க பானட்டின் நடுவே பெயின்ட் சுருங்கி, கொப்புளித்து, தோல் உரிந்தது போலக் கிடந்தது. யாரோ பிரேக் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். பெயின்டுக்கு அதுதான் விஷம் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஹார்லன் மெல்லத் திரும்பினான். கண்கள் கலங்கியிருந்தன.

“டோரீன்... நீயா?”

அவள் நெஞ்சில் யாரோ ஓங்கி மிதித்தது போலிருந்தது. இல்லை என்று கத்த வாயெடுத்தாள். சாவி நினைவுக்கு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நாப்பது வருஷம் உன்கூடக் குடித்தனம் பண்ணவ நான். நீயே சொல்லு... நானா?”

ஹார்லன் மறுபடி பானட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். அதைவிட ஒரு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பாள். இரண்டு கவுன்கள் மட்டும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். அழவில்லை. தெருமுனை திரும்பும்வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மகள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா... கோவத்துல ஏதாவது... நிஜமா நீ பண்ணலையே?” என்று கேட்டாள். பெற்ற மகளும் கேட்டுவிட்டாள்!

இரண்டாம் நாள் மத்தியானம் வாசலில் மணி அடித்தது. கோரா! தலை வாரவில்லை, முகம் வீங்கியிருந்தது.

“எதுக்கு வந்த? அவனுக்குச் சூப்பு வச்சுக் குடுக்க ஆளில்லையா? அதான் நீ இருக்கியே!”

“டோரீன்... நான்தான் ஊத்துனேன்.”

டோரீன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சு நீ மேல போனதும் ஹார்லன் எங்கிட்ட வந்தான். ‘டோரீன் சொல்றது நியாயம்தான் கோரா. திருவிழா முடியட்டும், உனக்கு ஒரு சின்ன வீடு பார்த்துடலாம். அவளும் நானும் தனியா இருந்து எவ்ளோ நாளாச்சு’ன்னான். எனக்கு... எனக்குக் கண்ணு இருட்டிருச்சு! காரு முடிஞ்சா என் கதையும் முடிஞ்சுது. உனக்குப் புருஷன் இருக்கான், மக இருக்கா, சமையலறை இருக்கு. எனக்கு அந்தக் காரு மட்டும்தான் இருந்துச்சு. முடியாமலே இருக்கட்டும்னு ஊத்திட்டேன்... பழி உன்மேல விழும்னு சத்தியமா நினைக்கல. விழுந்தப்போ வாயைத் திறக்க தைரியம் வரல!”

தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். டோரீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் இவளைப் பார்த்துத் தான் வயிறெரிய, இவள் தன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள்! எதைப் பார்த்து? கருகின பான்கேக்கையும் காலியான நாற்காலியையும் பார்த்தா?

“எழுந்திரு.”

“ஹார்லன்கிட்ட சொல்லிடுறேன்...”

“சொன்னா இன்னிக்கே பெட்டியை வெளிய வைப்பான். அப்பா காருன்னா அவனுக்கு உசிரு. எங்க போவ?” டோரீன் அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். “அந்தக் கதவுல நானும் ஒரு நாள் சாவியை வச்சேன் கோரா. கீறல. ஆனா வச்சேன்.”

கோரா நிமிர்ந்து பார்த்தாள். டோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே டோரீன் வீடு திரும்பினாள். ஹார்லன் எதுவும் கேட்கவில்லை. கோரா சொன்னதை அவளும் வெளியே சொல்லவில்லை. கெட்டுப்போன பெயின்டை உரித்துவிட்டுச் சாம்பல் நிற அடிப்பூச்சு மட்டும் அடித்தான். மறுபடி மஞ்சள் அடிக்க நேரமில்லை. பழியைச் சுமந்துகொண்டே டோரீன் காப்பி போட்டாள், சட்டை தேய்த்தாள். ஹார்லன் அவள் பக்கம் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பார்வையில் ‘நீயா?’ என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் கோரா உருகிக்கொண்டிருந்தாள்.

திருவிழா நாள். செங்கல் பதித்த சாகினா தெருவில் இரு பக்கமும் கார்கள். மஞ்சள் ப்யூக்கைச் சுற்றிக் கூட்டம் தேனீபோல மொய்த்தது. ஹார்லன் என்ஜினை உறுமவிட்டபோது வயதானவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்தத் தொழிற்சாலையில் உழைத்தவர்கள். ஆனால் பார்த்தவர் எல்லாருடைய கண்ணும் கடைசியில் சாம்பல் நிற பானட்டில் வந்து நின்றது.

ஹார்லனோடு வேலை பார்த்த மெர்ல், கையில் ஹாட்டாக் ரொட்டியோடு வந்தான்.

“என்ன டோரீன்! ஊரே பேசுது... சக்களத்தி மேல ஆசிட் ஊத்துற மாதிரி காரு மேல பிரேக் ஆயில் ஊத்திட்டியாமே!”

கூட்டம் சிரித்தது. ஹார்லன் தலையைக் குனிந்துகொண்டான். டோரீன் உதட்டைக் கடித்தாள். கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

“போதும்!”

கோராதான். கையிலிருந்த துணியை வீசி எறிந்தாள்.

“அவ இல்ல! நான்! கேட்டுக்கோ மெர்ல், எல்லாரும் கேட்டுக்கோங்க! ஊத்துனது நான். அவளுக்குத் தெரியும் ஹார்லன்... எனக்குப் போக இடமில்லன்னு தெரிஞ்சுதான் இத்தனை நாள் வாயை மூடிட்டு உன் பார்வையைத் தாங்கிட்டிருந்தா! அவமேல சந்தேகப்பட்டியே... நீயெல்லாம்... நானெல்லாம்...”

மெர்ல் கையிலிருந்த ஹாட்டாக் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

ஹார்லன் மனைவியின் முன்னால் வந்து நின்றான். அறுபத்தைந்து வயது மனிதன், ஊருக்கு முன்னால், குழந்தை மாதிரி அழுதான்.

“டோரீன்... நான் எப்படி உன்னைப் போய்... ஏன் சொல்லல?”

“நீ கேட்டிருக்கக் கூடாது ஹார்லன். பெயின்ட் போனா மறுபடி அடிச்சுக்கலாம். அந்தக் கேள்வியை எதை வச்சு மறைப்ப?”

“மறைக்க முடியாது. சாகுற வரைக்கும் மறைக்க முடியாது.” அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். குரல் உடைந்தது. “இந்த வண்டிக்குள்ள இருக்கிறது இவ அம்மா வீடு. இதை நான் அன்னிக்கே, எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணும். சொல்லல.”

டோரீன் அவன் தோளில் முகம் புதைத்தாள். இரண்டு வருஷத்து அழுகை அது. கொஞ்ச தூரத்தில் கோரா தனியாக நின்றுகொண்டிருந்தாள், போகவும் தெரியாமல் வரவும் தெரியாமல். டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

“அங்க என்ன நிக்கிற? கோவம் போகலதான். அதுக்காக நடந்தேவா வீட்டுக்கு வரப்போற?”

பிறகு கணவனிடம் கையை நீட்டினாள். “சாவியைக் குடு. நான் ஓட்டுறேன்.”

“நீயா? இது நாலு கியர், கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும்...”

“எங்கப்பா லாரில ஓட்டப் பழகுனவ நான். நீ கேட்டதே இல்ல. கோரா, முன்னாடி ஏறு.”

“அப்போ நான்?” என்றான் ஹார்லன்.

“பின்னாடி.”

நெட்டையான மனிதன் முழங்காலை நெஞ்சில் மடக்கிக்கொண்டு பின்சீட்டுக்குள் புகுந்தான். மெர்ல் வழிவிட்டு ஒதுங்கி, தொப்பியைக் கழற்றினான். டோரீன் கிளட்ச்சை மிதித்து, கியரைப் போட்டாள். கண்ணீர் காயாத முகத்தோடு பக்கத்தில் இருந்த கோரா, தயங்கித் தயங்கி, கியர்மேல் இருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தாள். டோரீன் அதைத் தட்டிவிடவில்லை.

செங்கல் தெரு அதிர, வண்டி புறப்பட்டது.