அண்ணனுக்கு ஊற்றி வைத்தது

சாம்பிராணிப் புகைக்குக் கீழே இன்னொரு வாசனை இருந்தது. அதுதான் சக்கரபாணியை எழுப்பியது.

மழை மூட்டத்தில் அறை பிற்பகலிலேயே இருட்டியிருந்தது. மாத்திரைத் தூக்கம் இமைகளில் பசையாக ஒட்டியிருக்க, அவன் மல்லாந்து படுத்தபடியே அந்த வாசனையைப் பிரித்துப் பார்த்தான்: வறுத்த வஞ்சிரம், வாழையிலையின் பச்சை, நனைந்த சாமந்தி, எல்லாவற்றுக்கும் அடியில், இனிப்பும் கசப்புமாக, பிராந்தி. அவன் குடிமீட்பு மையத்திலிருந்து திரும்பிய பிறகு இந்த வீட்டுக்குள் அந்த வாசனை வந்ததில்லை. ஆசை எழவில்லை. பயமும் எழவில்லை. கொஞ்ச காலமாகவே அப்படித்தான்; நெஞ்சுக்குள் மரத்துப்போன கால்போல ஏதோ ஒன்று கிடந்தது.

எழுந்து, அண்ணன் தம்பிக்குப் பொதுவாக இருந்த பழைய கூடத்துக்கு வந்தான். அண்ணன் கமலக்கண்ணனின் மாலை போட்ட படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்திருந்தது. சோறு, குழம்பு, மீன், முட்டை, ஒரு கட்டு பீடி. இலையோரம் மூடி திறந்த பிராந்தி பாட்டில், பக்கத்தில் விளிம்புவரை ஊற்றி வைத்த கண்ணாடி டம்ளர். குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவனுக்கு முதல் அமாவாசைப் படையல். பிடித்ததை வைக்காவிட்டால் ஏங்கிப்போய் வீட்டையே சுற்றிச் சுற்றி வருவார் என்பது அண்ணி செல்வாம்பாளின் கட்சி.

வாசற்கதவைத் தள்ளினான். வெளியே தாழ்ப்பாள்.

படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை உயிருள்ள எவரும் உள்ளே இருக்கக்கூடாது. பாட்டில் அவன் கண்ணிலேயே படக்கூடாதென்றுதான், அவன் மையத்துக் கூட்டத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து மனைவி துர்கா இதை வைக்கச் சொல்லியிருந்தாள். அவனோ அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொள்ள, திரும்பி வந்து உள்ளறையில் படுத்துவிட்டான். அந்நேரம் பெண்கள் பக்கத்துப் போர்ஷனில் அண்ணி வீட்டுச் சமையலில் இருந்தார்கள். அவன் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது.

"மீனு சூடா இருக்குறப்பவே சாப்புடுங்க. அப்புறம் ஆறிப்போச்சுன்னு கத்தாதீங்க."

"பெரியம்மா, பெரியப்பாவுக்குக் காது கேக்குமா?" மகள் இனியா கேட்டாள்.

"உயிரோட இருந்தப்பவே நான் சொன்னது கேக்கல. இப்ப எங்க கேக்கப்போவுது?"

துர்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

தட்டப்போன கையை நிறுத்திக்கொண்டான். திறந்தால் என்ன தெரியும்? சாத்திய வீடு, பிராந்தி, அவன். பாட்டிலுக்காகவே ஒளிந்து கிடந்தான் என்றுதான் எண்ணுவாள். 'இன்னொரு வாட்டி குடிச்சீங்கன்னா இனியாவ கூட்டிக்கினு போயிடுவேன், தேடி வராதீங்க' என்று சொல்லித்தான் மையத்தில் சேர்த்திருந்தாள். காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கிவிட்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவளும் அவள்தான். அந்த மாத்திரையோடு குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், உயிரே போகலாம் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள்.

தொடாமல் உட்கார்ந்திருப்போம் என்று முடிவு செய்தான். அவர்கள் திறக்கும்போது நிறைந்த டம்ளரே தனக்குச் சாட்சி சொல்லும்.

எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான். மையத்தில் பூவிழி மேடம் சொல்வார்: 'ஏக்கம் அலை மாதிரிண்ணே. வந்துட்டுப் போயிடும். நீங்க சும்மா உக்காந்து பாருங்க.' பார்த்தான். அலையே இல்லை. தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்தது. ஊதுவத்திச் சாம்பல் வளைந்து, உடைந்து, சத்தமில்லாமல் விழுந்தது.

டம்ளரில் பிராந்தி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

அரையிருட்டு என்று நினைத்தான். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். பாதி டம்ளர். இலையில் சோறு, ஐந்து விரல் பட்டதுபோல் குழிந்திருந்தது. தன் கையைப் பார்த்தான். காய்ந்திருந்தது. ஒரு பருக்கை இல்லை.

தொண்டை எரிந்தது.

பழகிய எரிச்சல். நெஞ்சு வழியாக இறங்கி வயிற்றில் போய்ப் படுத்தது. காது மடல் சுட்டது. முகம் சுட்டது. நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது.

கதவில் போய் விழுந்தான். தட்டினான். "து... துக்கா..." நாக்கு புரளவில்லை. "தொ... தொற..."

வெளியே பேச்சு நின்றது.

"வந்துட்டாரு!" செல்வாம்பாள் அழுதாள். "துர்கா, வந்துட்டாருடி!"

"அம்மா, அப்பா குரல் மாதிரி இருக்குமா."

"உங்கப்பா கூட்டத்துல இருக்காருடி." துர்கா அதட்டினாள். " குடிச்சா அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே குரலுதான்."

பிறகு அவள் குரல் கதவோடு கதவாக, மிக அருகில் வந்தது. "மாமா, வயிறார சாப்புட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரர மட்டும் உங்ககூட கூப்புட்டுக்காதீங்க. இப்பதான் மனுசனா ஆயிருக்காரு. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

மறுபடி தட்டினான். விரல்கள் கதவில் வழுக்கின. உட்கார்ந்துவிட்டான்.

டம்ளர் காலி.

பாட்டில் சாய்ந்தது. தானாக. நிதானமாக, ஒரு சொட்டும் சிந்தாமல். டம்ளர் நிறைந்தது.

"திறக்கலாமாக்கா?"

"அவசரப்படாத. ஆசை தீர குடிக்கட்டும்."

டம்ளர் குறையத் தொடங்கியது. சக்கரபாணி பல்லைக் கடித்தான். உதடுகளை இறுக மூடி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

கைகளுக்குக் கீழே, அவன் குரல்வளை விழுங்கிக்கொண்டே இருந்தது.