பாதியில் விட்ட யோசனை

கடிகாரம் பூஜ்ஜியத்தைத் தொட்டதும் மடிக்கணினி ‘டக்’ என்றது. கறுப்பு யானை நகர்ந்திருந்தது. நாலு நகர்வு தள்ளி ராணியையே பறிகொடுக்கும் நகர்வு. தீபன் எழுதிய செஸ் புரோகிராம் இப்படிக் கோட்டை விட்டதில்லை.

அது யோசித்த தடத்தைத் திரையில் திறந்து பார்த்தான். ராணி போகப்போவதை அது கண்டுகொண்டிருந்தது. கண்டும் அதையே ஆடியிருக்கிறது.

காரணம் அவன் வைத்த விதிதான். புரோகிராம் முதலில் ஒரு நகர்வு ஆழம் யோசித்து ஒரு விடையை எடுத்துக்கொள்ளும். பிறகு இரண்டு, மூன்று என்று ஆழமாகப் போகும். நேரம் தீர்ந்தால், பாதியில் நிற்கும் ஆழத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைசியாக முழுதாய் முடித்த விடையை ஆடும். “பாதி பாத்துகினு இருக்கும்போதே தப்புன்னு தெரிஞ்சா கூடவா?” என்று மனைவி சௌமியா ஒருமுறை கேட்டாள். பாதி யோசனையை நம்பக் கூடாது என்றான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்று அவள் சிரித்தாள். மகள் மலருக்குப் பிடித்தது அந்தச் சத்தம் மட்டும்தான். நாள் முழுக்க நாக்கைத் தட்டி ‘டக்’ என்பாள்.

அப்போதுதான் உரத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. எண்ணூரில் சங்கு புதிதில்லை, நாற்றமும் புதிதில்லை; ஆனால் இது நிற்காமல், மூச்சுவாங்காமல், மாலை வெயில் மங்கிய குப்பத்தின் கூரைகள்மேல் இழுத்துக்கொண்டே போனது. செல்போன் அடித்தது. சௌமியா. தொழிற்சாலைக்கு மேற்கே ஒரு மண்டபத்தில், கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

“காஸ் லீக்காயிடிச்சாம்யா. பாப்பாவ தூக்கினு வூட்டுக்கு வந்துரட்டா?”

இந்த ஊர்க்காரர்கள் செய்வதையே அவனும் செய்தான். ஜன்னலைத் திறந்து அனல்மின் நிலையத்தின் சிம்னியைப் பார்த்தான். புகை கிழக்கே, கடல் பக்கம் சாய்ந்திருந்தது. வாயு கடலோரத்தில் இருக்கும் இந்த வீட்டுப் பக்கம்தான் வரும்.

“வராத. பொகை கடலாண்ட சாஞ்சினு கீது. மண்டபத்துலயே கதவ சாத்திகினு இரு.”

“நீ சொன்னா சரி,” என்றாள். பின்னால் மலர் ‘டக்’ என்றது கேட்டது.

ஜன்னலை மூடினான். துண்டை நனைத்துக் கதவின் அடியில் அடைத்தான். மூக்கைப் பொத்தத் தயாராக, வரப்போகும் அம்மோனியா நெடிக்காகக் காத்திருந்தான். மீன் கவுச்சி வந்தது, டீசல் வந்தது, ஈரச் சாம்பல் வாசம் வந்தது. நெடி வரவில்லை.

ஏன் வரவில்லை?

ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தான். கொடியில் மலரின் மஞ்சள் கவுன். காற்றில் படபடத்தது. மேற்கே.

மேலே புகை கடலுக்கு. கீழே காற்று ஊருக்கு. தொட்டியிலிருந்து குளிர்ந்து கசியும் வாயு மேலே ஏறாது. தரையோடு ஊரும். மேற்கே. மண்டபத்துக்கு.

செல்போனை எடுத்தான். அழைத்தான். போகவில்லை. மறுபடி. போகவில்லை. சங்கு திடீரென்று நின்றது.

கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

“சௌமி, வெளிய வா. கடலாண்ட ஓடியா. நான் சொன்னது தப்பு.”

மண்டபத்து மின்விசிறி சுற்றும் சத்தம். எங்கோ ஒரு நாற்காலி சரிந்து விழுந்தது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“மலரு?”

‘டக்.’

போனிலிருந்து இல்லை. மடிக்கணினியின் மூடி சாத்தியிருந்தது. சத்தம் வாசற்கதவின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. தாழ்வாக, ஒரு குழந்தையின் உயரத்தில்.

மண்டபம் இங்கிருந்து ஓடி வந்துவிடும் தூரமில்லை. போனில் மின்விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

‘டக்.’

கதவின் அடியில் அவன் அடைத்திருந்த ஈரத்துண்டை யாரோ வெளியிலிருந்து, மெல்ல, பொறுமையாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.