மைனஸ் ஒன்று

திரையில் மைனஸ் ஒன்று என்று வந்தது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மைனஸ் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று சொல்வது அந்தக் கருவியின் வேலை. சோதனை அறையில் யாரும் இல்லை. சற்று முன்புதான் அவளே உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். பூஜ்ஜியம் வர வேண்டும். ஓர் அறையில் ஆள் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். யாருமே இல்லாததைவிட ஒருவர் குறைவாக எப்படி இருக்க முடியும்?

விடுமுறை நாளின் மதியம். கட்டடத்தில் அவளைத் தவிர வாசல் காவலாளி மட்டும்தான் இருந்தார். கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. மின்விசிறிகளின் இரைச்சலும், கூரைக்கு மேலே குழாயில் தண்ணீர் விட்டு விட்டு ஓடும் ஓசையும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையோடு கலந்து அவளைச் சுற்றி எப்போதும் இருப்பவை, பதினைந்து வருடமாக அவள் கவனித்தே இராதவை, இன்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்துகொண்டிருந்தன.

கருவியை அணைத்து மறுபடி போட்டாள். மைனஸ் ஒன்று.

தேசப் பாதுகாப்புக்கான புதிய தொழில்நுட்பங்களை ஆராயும் அரசு நிறுவனம் அது. அதில் இந்தக் கருவி அவளுடையது. பணயக் கைதிகள் எந்த அறையில் இருக்கிறார்கள், இடிபாட்டுக்குள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று சுவரை உடைக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். கருவி ரேடியோ அலையை அனுப்பும். மூச்சுக்கு மூச்சு மார்பு ஏறி இறங்குவது அந்த அலையில் மெல்லிய நடுக்கமாகத் திரும்பி வரும். நாளைக் காலை மீட்புப் படையிடம் முதல் கருவிகளை ஒப்படைக்கிறார்கள். அதற்கு முன் ஒருமுறை, யாரும் பார்க்காதபோது, தனியாகச் சோதித்துப் பார்த்துவிட நினைத்துத்தான் வந்திருந்தாள்.

ஏனென்றால் போன மாதம் அது ஒருவரைத் தவறவிட்டிருந்தது.

அவரை ஆய்வகத்தில் எல்லோரும் பலகை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில்நுட்ப உதவியாளர். கருவிக்கு எதிரே ஆள் உயர அலுமினியப் பலகை ஒன்று அசையாமல் நிற்க வேண்டும். அதில் பட்டுத் திரும்பும் அலையை வைத்துத்தான் கருவி தூரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். பலகையை நிறுத்த ஒரு ஸ்டாண்டு கேட்டு எழுதியிருந்தார்கள். கோப்பு கொள்முதல் பிரிவிலேயே தூங்கியது. அதுவரை சமாளிப்போம் என்று பலகைக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்துக்கொண்டவர், அப்படியே ஒன்பது வருடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டாண்டு வந்துட்டா என்னை வேற செக்‌ஷனுக்கு மாத்திடுவீங்க மேடம். அது வராமலே இருக்கட்டும்" என்பார்.

வெளிச் சோதனைக்காக எடுத்திருந்த பழைய குடியிருப்பு மழையில் இடிந்து விழுந்த மாலை, அவர் அதற்குள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாரா, வீட்டுக்குக் கிளம்பிவிட்டாரா என்பது யாருக்கும் தெரியவில்லை. தீயணைப்பு அதிகாரி கையால் தோண்டத் தொடங்கியிருந்தார். அவள்தான் கருவியைக் கொண்டுபோய் நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தாள். நான்கு பக்கமும் பூஜ்ஜியம்.

"உள்ள யாரும் இல்ல. உங்க ஆட்களை வெளிய எடுங்க, மிச்சமும் விழுந்துடும்" என்றாள்.

"நிச்சயமாவா மேடம்?"

"நிச்சயமா."

மறுநாள் இயந்திரம் வந்து கல்லைப் புரட்டியபோது அவர் இருந்தார். விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். ஈரக் கான்கிரீட் அலையை விழுங்கிவிட்டது என்று விசாரணைக் குழு எழுதியது. அவளும் அதை நம்பினாள். நம்பாவிட்டால் தூங்க முடியாது.

நேற்று அவருடைய மனைவி வந்திருந்தார், செருப்பையும் டிபன் பாக்ஸையும் வாங்கிப்போக. பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். கழுவித்தான் வைத்திருந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். அவர் கூப்பிட்டிருப்பாரா?"

"இல்லம்மா. மயக்கத்துலயே போயிட்டார்."

"இல்ல, அவர் வீட்லயும் சத்தமாப் பேச மாட்டார். நீங்க கூப்பிட்டா மட்டும்தான் ஓடி வருவார். லீவு நாள்ல நீங்க போன் பண்ணா, பாதி சாப்பாட்டுல எழுந்திருப்பார். உங்களுக்கும் எனக்கும் ஒரு சண்டை பாக்கி இருக்குன்னு சொல்லிட்டே இருப்பேன்." சிரிக்க முயன்றார் அந்த அம்மாள். முடியவில்லை.

மைனஸ் ஒன்று.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். விடை மெதுவாகத்தான் வந்தது, குளிர்ந்த தண்ணீர் துணியில் ஏறுவதைப் போல.

காலியான அறை எப்படி இருக்கும் என்பதைக் கருவிக்கு முதலில் கற்றுத்தர வேண்டும். சுவர், தரை, மேசை என்று ஆளில்லாத அறையைப் பதிவு செய்து கொடுத்தால், பிறகு தான் பார்ப்பதிலிருந்து அதைக் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் மூச்சுகளை எண்ணும். அப்படி நூற்றுக்கணக்கில் காலிப் பதிவுகள் எடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பலகை நிற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பலகைக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார்.

"அண்ணே, எடுக்கிறேன். மூச்சை அடக்குங்க" என்று மைக்கில் சொல்வாள். பதிவு நான்கு நிமிடம் ஓடும். யாரால் அடக்க முடியும்? முடிந்தவரை அடக்கிவிட்டு, பிறகு திருட்டுத்தனமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். முடிந்ததும் "போதும், விடுங்க" என்பாள். உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, பிறகு சிரிப்பு.

"இத்தனை மூச்சும் பதிவாகுமே அண்ணே" என்று ஒருமுறை கேட்டாள்.

"நான்லாம் ஒரு ஆளா மேடம்? என்னைக் கணக்குல சேக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

கருவி அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருடைய மூச்சுதான் வெறுமை என்று கற்றுக்கொண்டது. பிறகு நடந்த எல்லாச் சோதனைகளிலும் பலகையோடு அவர் இருந்ததால் எண்ணிக்கை ஒருபோதும் பிசகவில்லை. இன்றுதான், ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, அவர் இல்லாத அறையை அது பார்க்கிறது. அதற்கு இது காலியான அறை இல்லை. ஒரு ஆள் குறைகிற அறை.

அதற்கடுத்த வரியை மனம் யோசிக்க மறுத்தது. ஆனால் அவள் கணக்குப் படித்தவள்.

அன்று இடிபாட்டுக்குள் உண்மையிலேயே யாரும் இல்லாமல் இருந்திருந்தால், மைனஸ் ஒன்று வந்திருக்கும். பூஜ்ஜியம் வந்தது. நான்கு பக்கமும். அவர் இருக்கிறார், இருக்கிறார், இருக்கிறார், இருக்கிறார் என்று கருவி சொன்னது. அவள் எல்லோரையும் வெளியே எடுக்கச் சொன்னாள்.

துறைச் செயலாளருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. இப்ப என்ன செய்யலாம்?"

"ஒப்படைக்கிறதைத் தள்ளி வைக்கணும் சார். இது எண்ணுறது தப்பு. வேற யாராவது உள்ள மாட்டினா, ஒருத்தரைக் குறைச்சுத்தான் சொல்லும்."

"பழைய பதிவை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு போட்டா சரியாயிடுமா?"

"ஆகும். ஆனா சார், அன்னைக்கு நான்தான்..."

"மேடம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "கமிட்டி ஈரக் கான்கிரீட்னு எழுதியாச்சு. ஈரக் கான்கிரீட்டாவே இருக்கட்டும். நீங்க புதுசா எடுங்க. நாளைக்குக் காலையில பாக்கலாம்."

அவளுக்கு அழக்கூட நேரமில்லை. ஒரே ஒரு உண்மையான காலிப் பதிவு. அது கிடைத்துவிட்டால் இந்தக் கருவி இனி யாரையும் விட்டுவிட்டு வராது. அதையாவது அவருக்குச் செய்ய வேண்டும்.

சோதனை அறைக்குள் போய்ப் பலகையை நிமிர்த்தி, பின்னால் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். வெளியே வந்து உட்கார்வதற்குள் பலகை சரிந்து தரையில் விழுந்தது. வெறும் அறையில் அந்தச் சத்தம் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி போனாள். நாற்காலிக்கு அடியில் தடித்த புத்தகங்களைச் செருகினாள். பலகை கொஞ்சம் சாய்ந்தாற்போல் நின்றது. கதவைச் சாத்தினாள். வந்து உட்கார்ந்தாள். சரியும் ஓசை ஸ்பீக்கரில் கேட்டது, தரையை உரசிக்கொண்டு மெதுவாக, இன்னும் மெதுவாக.

பதற்றத்தில் மைக்கின் பொத்தானை அழுத்திவிட்டாள். ஒன்பது வருடப் பழக்கம். வாய் தானாகச் சொன்னது.

"அண்ணே, எடுக்கிறேன். மூச்சை அடக்குங்க."

உரசல் நின்றது.

பலகை விழவில்லை.

பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். விரல் ஈரமாயிருந்தது. ஸ்பீக்கரில் இரைச்சல்கூட இல்லை. குழாயில் ஓடிய தண்ணீரும் நின்றிருந்தது. திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

பூஜ்ஜியம்.

இண்டர்காமை எடுத்தாள். எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினாள்.

"சொல்லுங்க மேடம்" என்றார் காவலாளி.

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"இல்லீங்களே. நீங்க வந்ததுக்கப்புறம் ஒரு ஈ கூட வரல." பிறகு, சாதாரணமாக, "ஏன் மேடம், யாரையாவது கூப்பிட்டிருந்தீங்களா?"

அவள் ரிசீவரை வைத்தாள்.

கழிப்பதற்கு முந்தைய அலை திரையின் அடிப்பகுதியில் ஒரு கோடாக ஓடும். வழக்கமாக அதை யாரும் பார்ப்பதில்லை. இப்போது அது நேர்கோடாக இருந்தது, அசைவில்லாமல். அடக்கப்பட்ட மூச்சு. பிறகு ஒரு சின்ன மேடு. திருட்டுத்தனமாக. இன்னொன்று. அவரை அவளுக்குத் தெரியும். ஒன்பது வருடம் ஸ்பீக்கரில் கேட்ட மூச்சு, ஆயிரம் பேர் மூச்சில் அதைப் பிரித்துச் சொல்வாள். இரண்டு சின்ன மேடு, ஒரு நீளமான இறக்கம்.

ஆனால் மேடுகள் தாழ்வாக இருந்தன. நெஞ்சு விரிய இடமில்லாதவனின் மூச்சு. மேலே ஏதோ அழுத்துகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் இடையில் கோடு நீண்டுகொண்டே போனது.

நின்றுபோனது.

காத்திருந்தாள்.

மறுபடி ஒன்று.

அன்று இரவு முழுக்க இப்படித்தான் இருந்திருக்கும். மழை நின்ற பிறகு, எல்லோரும் போன பிறகு. அவள் வீட்டில் தலையைத் துவட்டிக்கொண்டு, கருவி நன்றாக வேலை செய்தது என்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது.

எழுந்தாள். ஓடிப்போக வேண்டும் என்று கால்கள் சொன்னதை அவள் கேட்கவில்லை. அன்று போய்விட்டாள். இன்றும் அவரை விட்டுவிட்டுப் போக முடியாது.

கதவைத் திறந்ததும் வாசனை வந்தது. மழையும் சிமெண்டுத் தூளும். அறையில் மழை பெய்ய வழியில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் வெளிச்சம் தரைவரை இறங்காததைப் போல மூலைகளெல்லாம் கலங்கலாக இருந்தன. நாற்காலி ஓரமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. புத்தகங்கள் அதன்மேல் அடுக்கப்பட்டிருந்தன, ஒழுங்காக, அவர் அடுக்குவதைப் போல.

பலகை நடு அறையில் நேராக நின்றது. தானாக.

"அண்ணே?"

பதிவு ஓடும்போது அவர் பேச மாட்டார்.

அவள் ஓரடி நெருங்கினாள். அலுமினியத்தில் அவளுடைய உருவம் மங்கலாகத் தெரிந்தது. இன்னும் ஓரடி.

பலகையின் இரண்டு விளிம்பிலும் விரல்கள் இருந்தன.

பக்கத்துக்கு நான்கு. பின்னாலிருந்து பற்றியவை. சாம்பல் நிறத்தில், சிமெண்டு அப்பி. நகம் இருக்க வேண்டிய இடத்தில் நகம் இல்லை. தோண்டிய விரல்கள். உள்ளேயிருந்து, இரவெல்லாம், யாரையும் கூப்பிடாமல், தானே தோண்டியவை.

வாயைத் திறந்தாள். மூடினாள். விடச் சொன்னால் அவர் போய்விடலாம். சொல்லாவிட்டால் இப்படியே நிற்பார்.

"போதும் அண்ணே" என்றாள். "விடுங்க."

விரல்கள் விடவில்லை.

"முடிஞ்சிடுச்சு. எடுத்தாச்சு. மூச்சு விடுங்கண்ணே."

பலகை நடுங்கத் தொடங்கியது. மெதுவாக, பிறகு விடாமல். அடக்க முடியாததை அடக்கிக்கொண்டிருக்கும் ஒருவருடைய கைகளின் நடுக்கம். கதவுக்கு அப்பால், அவளுக்குப் பின்னால், கட்டுப்பாட்டு அறைத் திரையில் எண் மாறும் மெல்லிய ஒலி கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பலகைக்கு முன்னால் மண்டியிட்டு, அந்தச் சாம்பல் விரல்களின்மேல் தன் விரல்களை வைத்தாள். அவை கதகதப்பாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்து அடுத்ததற்குப் போவதற்குள், பிரித்தது மறுபடி வந்து, பணிவாக, விளிம்பைப் பற்றிக்கொண்டது.