உலை அட்டையில் நள்ளிரவு

பட்டாபிராம் ரயில் நிலையத்துக்கு எதிரே, மிதிவண்டிக் கடையின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வருவோர் பெரும்பாலும் காணாமற்போன கணவனைப் பற்றியோ களவுபோன நகையைப் பற்றியோதான் பேசுவார்கள். 1992ஆம் ஆண்டு ஆயுதபூசை கழிந்து சில நாட்கள் சென்றபின், ஒரு காலையில் மூச்சிரைக்கப் படியேறி வந்த அருள்செல்வி மட்டும், "அக்கா, கம்ப்யூட்டர் பொய் சொல்லுது, பழி எம்மேல விழுது" என்றாள்.

லோகநாயகி கையிலிருந்த நாளிதழை மடித்து வைத்தார். டிரங்க் தொலைபேசி நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றி, விருப்ப ஓய்வு பெற்றுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். எதிரே கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த சுலைமான் அவருடைய உதவியாளன். எந்த வழக்கானாலும் முதல் ஐந்து நிமிடத்திற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவது அவன் வழக்கம். ஆள் மட்டும் எப்போதும் தவறாக இருக்கும்.

"குந்தும்மா முதல்ல. தண்ணி குடி" என்று நாற்காலியை நகர்த்தினான் சுலைமான்.

அருள்செல்வி நெமிலிச்சேரிக்காரி. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலுள்ள நவமணி கணிப்பொறி மையத்தில் ஆபரேட்டர். அம்மையத்தின் ஒரே பெரிய கணிப்பொறியைப் பல நிறுவனங்கள் வாடகைக்குப் பயன்படுத்தி வந்தன. அவற்றுள் ஒன்று எதிர்ச்சாலையிலிருந்த பல்சக்கரத் தொழிற்சாலை. கடினமாக்குவதற்காக உலைக்குள் செல்லும் ஒவ்வொரு சக்கரத் தொகுதிக்கும் கணிப்பொறி ஓர் அட்டை அச்சிட்டுக் கொடுக்கும். உள்ளே வைத்த நேரமும் வெளியே எடுக்கவேண்டிய நேரமும் அதில் இருக்கும்.

"பூஜைக்கு அப்புறம் மூணு அட்டை தப்பா வந்திருக்கு. மத்தியானம் உள்ள போன சக்கரத்துக்கு நள்ளிரவு நேரம் போட்டிருக்கு. எடுக்கவேண்டிய நேரம் எப்பவோ தாண்டிப்போச்சுன்னு, ஷிப்டு மாறி வந்த உலைக்காரங்க பாதி வேக்காட்டிலேயே இழுத்துப் போட்டுட்டாங்க. எல்லாம் பழைய இரும்பாப் போச்சு. மூணு தடவையும் நான்தான் டூட்டி. காலை ஷிப்டு கேட்டுக் குடுக்கலேன்ற கோபத்துல வேணும்னே கெடுத்தேன்னு வீரராகவன் சார் உலைக்கூடத்துலயே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. இன்னிக்குச் சாயங்காலம் முடிவு பண்றாங்க. வேலை போறதுகூடப் போவட்டும் அக்கா. மிஷினைக் கெடுத்தவன்னு பேரு வந்துட்டா, அப்புறம் எந்தக் கம்ப்யூட்டர் ரூம் கதவு எனக்குத் திறக்கும்?"

"உனக்கு மாற்று ஆள் யார்?" என்று கேட்டார் லோகநாயகி.

"குணசேகரன். அவர் ஷிப்டுல ஒரு தப்பும் வரலை."

சுலைமான் சட்டென்று எழுந்தான். "அக்கா, ஆளு அவன்தான். சந்தேகமே இல்ல."

"இன்னும் படியே இறங்கவில்லை, சுலைமான்" என்றார் லோகநாயகி. "ஸ்கூட்டரை எடு."

ஆவடி, திருமுல்லைவாயில் வழியாக ஸ்கூட்டர் தொழிற்பேட்டையை அடைந்தபோது பகல் உணவு வேளை நெருங்கியிருந்தது. பேருந்தில் வந்த அருள்செல்வி அவர்களுக்குப் பின்னே வந்து சேர்ந்தாள். அவளை உள்ளே விட அனுமதியில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்த சுலைமானுக்குக் குளிர் உள்ளங்காலில் ஏறியது. மேலாளர் கோவிந்தன் பணிவோடு வரவேற்றார். அமைப்புப் பொறியாளர் வீரராகவன் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆபரேட்டர் குணசேகரன் அச்சு இயந்திரத்தின் அருகே நின்றிருந்தான். திரைகளின் நெற்றியில் பூசைச் சந்தனமும் குங்குமமும் இன்னும் காயாமல் இருப்பதுபோல் பளிச்சென்று இருந்தன.

"சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்லுங்கள்" என்றார் லோகநாயகி. "இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?"

வீரராகவனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. குரல் இளகியது. "மிஷின் ஒண்ணுதான் மேடம். அதுக்குள்ள மூணு கெஸ்ட், விருந்தாளி மாதிரி. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கே ஒரு தனி மிஷின் இருக்கிறதா நினைச்சுக்கும். மூணையும் மேலே இருந்து மேய்க்கிற புரோகிராமுக்கு ஹைப்பர்வைசர்னு பேரு. கெஸ்டுக்குச் சொந்தமா கடிகாரம்கூடக் கிடையாது. மணி என்ன, பிரிண்டர்ல தாள் எத்தனை மிச்சம், எதுவானாலும் மேலேதான் கேட்கணும். அந்தக் கேள்விக்கு ஹைப்பர்கால்னு பேரு."

"கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே வரும்?"

"ஒவ்வொரு கெஸ்டுக்கும் ரெண்டு பிராசசர், வேலையைச் செய்யற மூளை மாதிரி. நிஜ பிராசசர் இல்லை, ஹைப்பர்வைசர் பங்கு போட்டுக் கொடுக்கிறது. கெஸ்டை முதல்ல கிளப்பும்போதே ஒவ்வொரு பிராசசரும், 'எனக்கு வர்ற பதிலை இந்தப் பெட்டியில போடு'ன்னு மேலே சொல்லி வெச்சிடும். அவங்கவங்க பெட்டி அவங்கவங்களுக்கு. இதுல இயந்திரம் தப்புப் பண்ண வழியே இல்லை. மனுஷங்கதான் பண்ணணும்." சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

லோகநாயகி குணசேகரனிடம் சென்றார். "நீ உலை அட்டையை எப்படி அச்சிடுவாய், தம்பி?"

"இன்னா மேடம், அதுல இன்னா கீது? முதல்ல சரக்குப் பட்டியலை ஓட விடுவேன். அது முடிஞ்சதும் உலை அட்டை. ஒண்ணு முடிஞ்சாத்தான் ஒண்ணு."

"அருள்செல்வி?"

குணசேகரன் சிரித்தான். "அது பறக்கும் மேடம். ரெண்டையும் ஒரே நேரத்துல தட்டி உட்டுடும். நெமிலிச்சேரி ரயிலைப் புடிக்கணுமே! ரெண்டு பிராசசரு கீதே, ஒண்ணு ஏன் சும்மா குந்திகினு இருக்கணும்னு கேக்கும். நமக்கு அவ்ளோ வேகம் ஆவாது."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், சான்று தேடும் ஆவலில் சுலைமான் அச்சு இயந்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டான். வெளியே எடுத்தபோது விரல்கள் கரியாய் இருந்தன.

"ஐயய்ய! இன்னா அண்ணாத்தே இது, உருளை பூரா மை?"

"ஆமாம் நைனா, கையை ஏன் உட்ட?" என்றான் குணசேகரன். "தாள் தீர்ந்தப்புறமும் வெறும் உருளை மேலயே அடிச்சு வெச்சிருக்கு. இப்போ கொஞ்ச நாளாத்தான் இப்டி. பட்டியல்ல கடைசி வரியெல்லாம் காணோம்னு ஸ்டோர்காரன் வேற கத்துறான்."

"தாள் தீர்ந்தது இயந்திரத்துக்குத் தெரியாதா?" என்றார் லோகநாயகி.

"தாள் கட்டு மாத்தும்போது எத்தனைன்னு தட்டி உடுவோம். மீதியை ஹைப்பர்வைசர் எண்ணிக்கும். பட்டியல் புரோகிராம் அதைக் கேட்டு, கம்மியா இருந்தா நிக்கணும். நிக்கல."

லோகநாயகி குனிந்து அந்த உருளையை நெடுநேரம் பார்த்தார். பின்பு, தவறாக வந்த அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினார். உள்ளே வைத்த நேரம் 00:40 என்றிருந்தது.

"இங்கே மணி எழுதும் முறை எது?"

"ரயில்வே மாதிரி, இருபத்துநாலு மணிக் கணக்கு" என்றார் வீரராகவன். "உள்ளே அது ஒரே எண்ணாத்தான் இருக்கும். மத்தியானம் ரெண்டு முப்பத்தைஞ்சுன்னா ஆயிரத்து நானூத்தி முப்பத்தைஞ்சு."

"நன்றி" என்றவர், திடீரென்று மேலாளரைப் பார்த்துப் புன்னகைத்தார். "சந்தனம் அழகாக இட்டிருக்கிறீர்கள். ஆயுதபூசையன்று கருவிகளுக்கு வேலை கொடுக்கக் கூடாதே. இந்த இயந்திரத்தை எப்படி நிறுத்தினீர்கள்?"

கோவிந்தன் பெருமையோடு நிமிர்ந்தார். "நிறுத்த முடியாதுங்க. ஒரு கெஸ்ட் ஆஸ்பத்திரியோடது. அது நிக்கவே கூடாது. இன்னொண்ணு லீவுங்கறதால அன்னிக்கு முழுசா அணைச்சு, மறுநாள் முதல்லேருந்து கிளப்பினோம். பல்சக்கரக் கம்பெனிக்கோ அவசர ஆர்டர். உலை அணையக் கூடாதுன்னுட்டாங்க. ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்காம எப்படிங்க பொட்டு வைக்கிறது? வீரராகவன்தான் வழி சொன்னாரு. ரெண்டு பிராசசர்ல ஒண்ணு மட்டும் வேலை பண்ணட்டும், ரெண்டாவது ஓய்வு எடுக்கட்டும்னு. சாமிக்கும் ஆச்சு, கம்பெனிக்கும் ஆச்சு."

"ஓய்வெடுத்ததை மறுநாள் யார் எழுப்பியது?"

"நான்தான்" என்றார் வீரராகவன். "என் சீட்ல இருந்தே, ஹைப்பர்வைசர் வழியா. ஒரு கட்டளை போதும்."

லோகநாயகி கையிலிருந்த அட்டையை மேசைமேல் வைத்தார். அவர் கேள்வி கேட்பதை நிறுத்தினால் விடை கிடைத்துவிட்டது என்பது சுலைமானுக்குத் தெரியும். ஆனால் என்ன விடை என்பதுதான் அவனுக்கு ஒருநாளும் தெரிவதில்லை.

"குணசேகரா," என்றார் அவர் இறுதியில், "இப்போது ஒருமுறை அருள்செல்வியைப்போல் வேலை செய். இரண்டையும் ஒருசேர ஓடவிடு. நிறுத்தாதே."

குணசேகரன் தயங்கித் தயங்கி விசைகளைத் தட்டினான். அட்டைக்கென்றே இருந்த சிறு அச்சு இயந்திரத்திலிருந்து அட்டைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சுலைமான் எடுத்து எடுத்துப் பார்த்தான். எல்லாம் சரியான நேரம். வெளியே அருள்செல்வி கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தவாறு நின்றாள். வீரராகவன் உதட்டைப் பிதுக்கினார். மேலும் சில அட்டைகள் வந்தன. அப்போது சுலைமான் கூவினான்.

"அக்கா! பட்டப்பகல்ல நள்ளிரவு!"

குணசேகரன் விசைகளிலிருந்து கைகளை எடுத்தான். "சத்தியமா நான் ஒண்ணும் பண்ல மேடம்!"

"நீ எதுவும் செய்யவில்லை என்பதற்குத்தான் இத்தனை பேர் சாட்சி. இப்போது நிறுத்திவிட்டு, தாள் எத்தனை மீதி என்று கேட்டுப் பார்."

மீதித் தாள்களின் எண்ணிக்கையும் அட்டையிலிருந்த நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அட்டை அச்சான பிறகு தீர்ந்த சில தாள்கள் மட்டுமே குறைவு.

லோகநாயகி நாற்காலியில் அமர்ந்தார். "அட்டையில் இருப்பது நள்ளிரவு அல்ல. நேரம் கேட்டவனுக்கு, அதாவது உலை அட்டை போடும் பிராசசருக்கு, தாளின் எண்ணிக்கை பதிலாகப் போயிருக்கிறது. நாற்பது தாள் மீதி என்பதை அவன் 00:40 மணியாகப் படித்துவிட்டான். சில வேளைகளில் இது தலைகீழாக நடந்தது. தாள் கேட்டவனுக்கு மணி போய்ச் சேர்ந்தது. ஆயிரத்துச் சொச்சம் தாள் இருப்பதாக எண்ணி அவன் வெறும் உருளைமேல் அடித்துத் தள்ளினான். உருளையின் மை அதைத்தான் சொல்கிறது. உலையைக் கெடுக்க நினைக்கும் ஒருத்தி, சரக்குப் பட்டியலின் கடைசி வரிகளை ஏன் விழுங்க வேண்டும்? அதனால் அவளுக்கு என்ன பயன்?"

"ஆனா பெட்டி தனித்தனியா..." என்று தொடங்கினார் வீரராகவன்.

"கெஸ்டை முதலிலிருந்து கிளப்பும்போதுதான் ஒவ்வொரு பிராசசரும் தன் பெட்டியைச் சொல்லும் என்றீர்கள். தூங்கப் போன இரண்டாவதை மேலேயிருந்து நீங்கள் தட்டி எழுப்பினீர்கள். எழுந்தபின் அது தன் பெட்டியை யாரிடம், எப்போது சொன்னது?"

வீரராகவன் தன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"பெட்டியே சொல்லாத பிராசசர் கேள்வி கேட்டால், உங்கள் ஹைப்பர்வைசர் பதிலை எங்கே போடும்?"

அவர் மேசையிலிருந்த கையேட்டைப் புரட்டினார். "முன்னாடி கெஸ்டுக்கு ஒரே பிராசசர்தான் இருந்தது... அந்தக் காலத்து விதி ஒண்ணு உண்டு. பெட்டி தெரியலேன்னா முதல் பிராசசரோட பெட்டியில போடும்."

"ஒரே பெட்டியில் இரண்டு பதில். பின்னால் விழுந்தது முன்னதை அழிக்கும். இருவரும் அதையே எடுத்துக்கொள்வார்கள். ஒன்று முடிந்தபின் ஒன்று என்று குணசேகரன் வேலை செய்தால் மோதலுக்கு இடமில்லை. அருள்செல்வி இரண்டையும் ஒருசேர ஓட்டினாள், மோதின. அவள் ஷிப்டில் மட்டும் தவறு வந்த காரணம் இதுதான். நீங்கள் கொடுத்த இரண்டு பிராசசரையும் முழுமையாகப் பயன்படுத்தியவள் அவள் ஒருத்தியே."

வீரராகவன் பல்சக்கரக் கம்பெனியின் கெஸ்டை முழுவதுமாக நிறுத்தி, முதலிலிருந்து கிளப்பினார். இரண்டு வேலைகளும் மீண்டும் ஒருசேர ஓடின. தாள் கட்டு தீரும்வரை பார்த்தார்கள். ஓர் அட்டைகூடப் பிறழவில்லை. கட்டு தீர்ந்ததும் பட்டியலும் உரிய இடத்தில் நின்றது.

கோவிந்தன் கதவைத் திறந்தார். "உள்ள வாம்மா. எல்லாம் சரியாப் போச்சு. போய் உன் சீட்ல உட்காரு."

அருள்செல்வி வாசலிலேயே நின்றாள். "சார், நான் கெடுத்தேன்னு இந்த ரூம்ல வெச்சுச் சொல்லலையே. உலைக்கூடத்துல, அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. கெடுக்கலேன்னும் அங்கயே சொல்லுங்க."

சுலைமான் வீரராகவனையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுத்துவிடுவார் என்றே நினைத்தான். வழக்கம்போல் அவன் கணிப்புத் தவறியது. வீரராகவன் எழுந்து, வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சாலையைக் கடந்தார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

உலைக்கூடத்தில் முகத்தைச் சுடும் அனல். தலைமை உலைக்காரர் வேம்புலி, தோளிலிருந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். மற்றவர்களும் கூடினார்கள்.

"அட்டை தப்பா வந்ததுக்கு இந்தப் பொண்ணு காரணமில்லை" என்றார் வீரராகவன், எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பு என்னோடது. பூஜைக்காக மிஷின்ல பாதிக்கு மட்டும் ஓய்வு குடுத்தேன். மறுநாள் எழுப்பவேண்டிய முறைப்படி எழுப்பலை."

வேம்புலி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் நீ? பூஜைன்னா பூஜை. பாதிக்கு ஓய்வு குடுத்து சாமியையே ஏமாத்தப் பாத்திருக்கே. முழுசாக் குடுத்திருந்தா இவ்ளோ தொல்லை வந்திருக்குமா?"

வீரராகவன் தலை குனிந்தார். வேம்புலி சொன்னது உண்மைதான்; முழு ஓய்வு கொடுத்திருந்தால் இரண்டும் முறைப்படி எழுந்து, தத்தம் பெட்டியைச் சொல்லியிருக்கும்.

வேம்புலி அருள்செல்வியின் பக்கம் திரும்பினார். "நாங்களும் உன்னைத் திட்டிட்டோம்மா. மனசுல வெச்சுக்காதே."

"வெச்சுக்கலை அண்ணே" என்றாள் அவள். கண்களைத் துடைத்துக்கொண்டு, அன்று முதன்முறையாகச் சிரித்தாள். "அடுத்த தொகுதியை எப்ப உள்ள வைக்கப்போறீங்க? சொல்லுங்க. அட்டையை நானே போட்டு எடுத்துட்டு வரேன்."