உள்ளே விழுந்த ஊசி நுனி

"கேள்வி கேக்கறதுக்கா சம்பளம் வாங்கறீங்க? மிஷின் ஓடலை... வந்து பாருங்க!"

போனில் இப்படிப் பொரிந்து தள்ளியவள், நனைந்த சட்டையோடு தையல்கடை வாசலில் வந்து நின்ற மெக்கானிக்கைக் கண்டதும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். மழைத்துளி ஒன்று அவன் இமையில் தொங்கியது... அதைத் துடைக்காமலே சிரித்தான்.

"நான்தாங்க அந்தக் கேள்விக்காரன். மிஷின் நிக்கறதுக்கு முன்னாடி என்ன தைச்சீங்க?"

கடை அக்காவுடையது. அவளோ கத்தரிக்கோலும் கையுமாய்ப் பக்கத்திலேயே நிற்கிறாள். 'இதுல தோல் பை தைக்காதேடி' என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னவள். அக்கா கண்ணை மறைத்துத் தங்கை தைத்தாள்; ஊசி உடைந்து நுனி உள்ளே விழுந்தது. புது ஊசியை மாட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையாய் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலை. தானா நின்னுடுச்சு."

நம்பிவிட்டான், பாவம்! பெல்ட்டைக் கழற்றினான், மோட்டாரைப் பிரித்தான். கன்னத்தில் கறுப்பாய் எண்ணெய்க் கோடு... துடைக்கத் துணி எடுத்தவள், அக்கா இருப்பதைப் பார்த்துத் திரும்ப வைத்தாள்.

மிஷின் அசையவில்லை. அக்கா பொங்கினாள்.

"நல்ல ஆளைப் பாத்து அனுப்பினாங்க போ! உங்க முதலாளிக்கு இப்பவே போன் போடறேன். இந்தாளை வேலையில வெச்சிருக்கறதே தண்டம்னு சொல்றேன்."

"என் கைக்குப் பிடிபடலைங்க..." என்று அவன் குனிந்து கருவிகளைப் பொறுக்கினான். குனிந்த அந்தத் தலை தங்கையைச் சுட்டது.

"போனை வை அக்கா! தோல் பை தைச்சேன். பாதியில டக்குனு சத்தம்... ஊசி உடைஞ்சு நுனி கீழ நூல் சுத்தற பாபின் பக்கம் விழுந்துச்சு. புது ஊசி போட்டேன். ரெண்டு தையலோட நின்னுபோச்சு. மறைச்சது நான். அவரைத் திட்டாதே."

"அடிப்பாவி!"

காதுவரை எரிந்தது அவளுக்கு. அவன் பாபின் பக்கம் டார்ச் அடித்தான், நுனியை எடுத்தான். மிஷின் கடகடவென்று ஓடியது.

வாசல்வரை கூடவே போனாள். நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

"கோபமா?"

"இருந்துச்சுங்க... 'அவரைத் திட்டாதே'ன்னீங்களே, அதோட போயிடுச்சு."

"நாளைக்கு... வருவீங்களா?"

"ஓடற மிஷினுக்கு நான் எதுக்குங்க?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இந்த முறை மறைக்கவில்லை.

"மிஷினுக்கு இல்ல... உங்களைப் பாக்கணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

மழையில் இறங்கப் போனவன், எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அதுக்கு ஏங்க நாளைக்கு வரைக்கும்...?"